ஜனவரி ஒன்று, ஐந்தரை மணி

கரண்ட் போய் வந்தது.
களுவாஞ்சிக்குடிச் சந்தியில்
நகைக்கடைக்கு மேலே நிற்கும் பெரிய திரை
அட்டியல் பூண்ட பெண்ணை மறந்து
கறுப்பாய் விழித்தது.

இடப்பக்க மூலையில் நான்கு பென்குயின்கள்,
சங்கக்கடை வரிசையில் நிற்பவை போல.
கீழே வெள்ளை எழுத்துகள்
மளமளவென்று ஓடத் தொடங்கின.

“லினக்ஸ்!” என்றேன் வாய்விட்டு,
கூடப் படித்தவனைக்
கலியாண வீட்டில் கண்டது மாதிரி.

ஓட்டோவுக்குள்ளிருந்து குகராசா தலையை நீட்டினான்:
“வைரஸ் புடிச்சிட்டா கா?”
இல்லை, எழும்புது.
கை கால் எல்லாம் கிடக்கிறதா என்று
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்குது.
நினைவகம் சரி. வட்டு சரி.
நெட்வேர்க்,
அதுதான் இன்னும் வரவில்லை.

படம் ஏறுமுன் மணிக்கூடு ஏறிற்று:
1970 ஜனவரி 1
05:30:52

உள்ளே பட்டரி வைக்காத மலிவுப் பெட்டி.
நேரம் சொல்ல ஆள் வரும்வரை
எண்ணத் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.
அங்கே நடுச்சாமம்,
நமக்கு விடிய ஐந்தரை.

குகராசா விரல் மடித்துப் பார்த்தான்.
“அப்ப நானே இன்னும் பிறக்கல்ல.
லீசிங்காரன் ஆரிட்டப் போய்க் கேப்பான்?”
கொத்துக்கடைத் தகடு
ஒரு அடி தவறவிட்டுச் சிரித்தது.

மீன்பெட்டி கட்டிக்கொண்டிருந்த வள்ளிப்பிள்ளை
கயிற்றை விட்டுவிட்டு அண்ணாந்தாள்.
“எழுபதெண்டா
புயல் இன்னும் வரல்ல, என்ன?”
வரல்ல.
“கடலும்?”
வரல்ல.
இடையில் வந்தவற்றை அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

05:32:07
அடையப் போன காகம் ஒன்று
திரையின் விளிம்பில் குந்தி
ஒருமுறை கரைந்து பார்த்தது.

“இதில வைச்சு நிப்பாட்டேலாதா, புள்ள?”

அதற்குள் நெட்வேர்க் வந்துவிட்டது.
எங்கோ தூரத்து மணிக்கூடொன்று
காதில் எதையோ சொல்ல,
திரை அத்தனை வருடத்தையும்
ஒரே தாவலில் கடந்தது.
நடுவில் ஒரு நாளிலும் கால் வைக்கவில்லை.
இன்றைய தேதி. மாலை 6:48.
அட்டியல் பெண் திரும்பி வந்து
செய்கூலியில் பத்து வீதம் கழிவு என்றாள்.

குகராசாவுக்கு ஹயர் கிடைத்தது.
வள்ளிப்பிள்ளை முடிச்சை இறுக்கினாள்.
“விக்காத சூரை ரெண்டு கிடக்கு,
கொண்டு போ.”

அடுத்த நாளும் அதே நேரத்துக்குப்
பஸ் ஒன்றைப் போகவிட்டு நின்றேன்.
அவளும் பெட்டியைக் கட்டாமல் நின்றாள்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கரண்ட் போகவில்லை.