கட்டுப்பாட்டுக் குழு

அந்தப் படத்தை முப்பத்தொரு தடவை பார்த்தேன்,
ஒரு தடவைகூட முழுசாக இல்லை.
டிக்கெட் கிழித்துவிட்டு உள்ளே போகும்போது
கதாநாயகன் ஏற்கெனவே தப்பான கல்யாண வீட்டில்
உட்கார்ந்து அவியல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

தபால்வழி உளவியல், இரண்டாம் வருஷம்.
ஒப்படைப்பு: சமூக உளவியல் கோட்பாடுகளை
யாதேனும் ஒரு கதைமாந்தர் நடத்தையில் பொருத்துக.
இருபத்தைந்து மதிப்பெண்.
எனக்குக் கைவசம் இந்தப் படம்தான் இருந்தது,
ஜங்ஷன் தியேட்டரில், பால்கனி வாசலில், டார்ச்சோடு.

செவ்வாய் காலைக் காட்சி, ஏழு பேர்.
மாமனார் குளத்தில் விழுகிறார்.
ஒருத்தர் இருமினார், அவ்வளவுதான்.
ஞாயிறு இரண்டாம் ஆட்டம், அதே மாமனார், அதே குளம்,
கூரைத் தகரம் அதிர்ந்தது.
எழுதிக்கொண்டேன்:
சிரிப்பைப் பக்கத்து நாற்காலியிடம் கடன் வாங்குகிறோம்.

கதாநாயகி அவனை வெறுக்கிறாள்,
தாமதமாக வந்தான், ஆகவே பொறுப்பில்லாதவன்.
அவள் தாமதமானால் மட்டும்
மழை, பஞ்சர், அத்தைக்கு மூட்டுவலி.
அடுத்தவன் செய்தால் குணம், நாம் செய்தால் சூழ்நிலை.
பாடப்புத்தகத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு.
எங்கள் பக்கம் அதன் பெயர்
குலவணிகர்புரம் ரயில்வே கேட்.

நான் பிந்தினால் கேட் அடைத்திருக்கும்.
இடைவேளைக்குச் சமோசா கொண்டுவரும் மாசானம் பிந்தினால்
அவன் சோம்பேறி.
"நாரோல் வண்டி போச்சு, அதுக்குப் பொறவு ஒரு கூட்ஸு,
நா என்னத்தச் செய்ய?"
என்பான், பெட்டியை இறக்கியபடி.
நான் டார்ச்சை அவன் முகத்தில் அடித்து
கடிகாரத்தைப் பார்ப்பேன்.

எனக்குச் சமோசா பிடிக்காது.
அவன் சில்லறைக்கு நிற்கிறானே என்று தினம் ஒன்று வாங்கினேன்.
பிடிக்காததற்குத் தினம் பதினைந்து ரூபாய் கொடுக்கிறவள்
ஒன்று, முட்டாளாக இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் சமோசா நன்றாக இருக்க வேண்டும்.
மூன்றாம் வாரம் சமோசா நன்றாக இருந்தது.
இதை ஒப்படைப்பில் எழுதவில்லை.

எழுதியது தொங்குபாலத்தை.
கடைசிக்கு முந்தின ரீலில் இருவரும் அதில் மாட்டிக்கொள்வார்கள்,
கீழே பள்ளம், நெஞ்சு அடிக்கும்,
அவள் அவனைப் பார்ப்பாள், பாட்டு வந்துவிடும்.
பாவம் அந்தப் பெண், என்று எழுதினேன்,
பயத்தைக் காதலென்று வாசித்துவிட்டாள்.

மார்கழி. மூன்று நாள் மழை. காட்சி ரத்து.
ஊரே வெள்ளம் பார்க்க சுலோச்சன முதலியார் பாலத்தில்.
குறுக்குத்துறை முருகன் கழுத்தளவுத் தண்ணீரில்.
ஒரு வாழைத்தார் போனது, பின்னால் தோட்டமே போனது,
அப்புறம் யார் வீட்டுக் கதவோ, நீலம்,
தாழ்ப்பாள் போட்டபடி.
பாலம் அதிர்ந்ததா, லாரியா, தெரியவில்லை.
பக்கத்தில் மாசானம்.
பெட்டி இல்லாமல் பார்க்க ஆள் சின்னதாக இருந்தான்.
"நம்ம ஆறா இது" என்றான்.
மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், என்னுடையதைத்தான்.
நூற்றுப் பன்னிரண்டு.
ஆறு, என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் ஆறு.

ஒப்படைப்பு திரும்பி வந்தது.
சு. ஆவுடைச்செல்வி, பதினாறு.
ஓரத்தில் சிவப்பு மையில்:
கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல்
எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள்?

நியாயமான கேள்வி.

பங்குனியில், ஆற்றில் கணுக்கால் தண்ணீர்,
நாலு எருமை, மணலில் காயும் வேட்டிகள்,
பயப்பட ஒன்றுமே இல்லாத ஒரு சாயங்காலம்
அதே பாலத்துக்கு அவனை வரச்சொன்னேன். ஐந்து மணி.
காரணம் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும்.

ஐந்து இருபது.
ஐந்தே முக்கால்.
சுண்டல்காரர் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனவர்
மூன்றாம் தடவை நின்றார்.
"ஆள் வர மாட்டான் போலுக்கே?"

"கேட் அடச்சிருக்கும் அண்ணாச்சி," என்றேன்,
"கூட்ஸு ஏதும் நிக்கும்."