ஒரு விசில், ரெண்டு விசில்

எனக்குச் சங்கீதம் தெரியாது.
பதினோரு வருஷமாக ஏற்காடு வண்டியில் கண்டக்டர்.
பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தை
உள்ளங்கையால் தட்டத் தெரியும்.
எங்கே தட்டினால் டிரைவருக்குக் கேட்கும்,
எங்கே தட்டினால் கைதான் வலிக்கும் என்று தெரியும்.
அதை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்
ஓர் ஓய்வு நாளில், கோரிமேட்டு மாடி வீட்டில்.

இலக்கியாவுக்கு நாலு வயசு: கவிழ்த்த பெயின்ட் வாளி.
நிதர்ஷுக்கு ஒன்றரை: பால் பவுடர் டின்.
அதை அவன் தட்டுவதைவிட நக்குவதே அதிகம்.
தண்ணீர் பாட்டிலில் ஒரு பிடி ஜவ்வரிசி போட்டு மூடினேன்.
அரிசி போட்டால் சண்டைச் சத்தம்.
ஜவ்வரிசி, பக்கத்து சீட்டில் யாரோ
ரகசியம் பேசுகிற மாதிரி.
"பாயசத்துக்கு வச்சது அது" என்றாள் கோகிலவாணி.

இலக்கியாவுக்கு எண்ணிக்கை குழம்பும்,
ஊர்ப் பேர் குழம்பாது.
ஏற் கா டு: மூன்று தட்டு.
கோ ரி மே டு: நாலு.
கன் னங் கு றிச் சி: ஐந்து,
ஐந்தாவதில் வாளி கொஞ்சம் நகர்ந்துவிடும்.
அ யோத் தி யாப் பட் ட ணம்
ஏழு. அதில் எப்போதும் ஒரு தட்டு
நடுவழியில் காணாமல் போகும்.
"டிக்கெட் எடுக்காம எறங்கிட்டாங்கப்பா"
என்று தீர்ப்பும் அவளே சொல்லிவிடுவாள்.

தட்டக் கற்றுத்தர ஒரு நாள்.
நிறுத்தக் கற்றுத்தர மூன்று வாரம்.
விசிலை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
ஒரு விசில்: நில்.
ரெண்டு விசில்: போலாம்.
நிற்கிற வண்டியிலும் இன்ஜின் ஓடும் இல்லையா,
அப்படிக் கை வாளிக்கு மேலே நிற்க வேண்டும்.
நிற்கிறபோது மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.
மூச்சு விடலாம் என்று
தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கீழ்வீட்டில் ஜெயசீலன்.
உருக்காலையில் நைட் ஷிப்ட், காலை எட்டுக்குப் படுப்பார்.
பத்தரைக்கு எங்கள் தரைக்கு அடியிலிருந்து
ஒட்டடைக் கம்பு பேசியது:
டொக் டொக்.

இலக்கியா என்னைப் பார்த்தாள்.
முகமெல்லாம் வெளிச்சம்.
ரெண்டு! போலாமாம்!
வாளியை இரண்டு கையாலும் வெளுத்தாள்.
மறுபடி டொக் டொக், கோபமாக.
இவள் இறக்கத்து லாரி மாதிரி வேகமெடுத்தாள்.
டின்னைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிதர்ஷ் ஆடினான்.
கீழே ஒரு மனுஷன் எத்தனை முறை தட்டினாரோ
அத்தனையும் எங்களுக்கு
அனுமதியாகவே வந்து சேர்ந்தது.

பனியனோடு படியிறங்கினேன்.
கண் சிவந்து நின்றார். கையில் கம்பு,
நுனியில் நூலாம்படை.
மன்னிப்புக் கேட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்:
"அண்ணே, ரெண்டு தடவை தட்டாதீங்க.
ஒரே ஒரு தடவை தட்டுங்க."
என்னையே பார்த்தார்.
"ஒண்ணு போதுமா?"
"போதும்ங்க. அதுதான் அவளுக்கு ஸ்டாப்."
கதவைச் சாத்திக்கொண்டார்.
சிரித்தாரா என்று தெரியாது.

மறுநாள் நான் டூட்டியில். இது கோகிலா சொன்னது.
ஒரே ஒரு டொக் வந்ததாம்.
கை அந்தரத்தில் நிற்க அப்படியே இருந்தாளாம்.
சாப்பிட வா என்றால், "பஸ் நிக்குதும்மா."
ஒரு கையால் சாப்பிட்டாள். இன்னொன்று வாளிமேல்.
வாளிமேல் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

அந்நேரம் நான் பதினேழாம் கொண்டையூசி வளைவில்
இருந்திருப்பேன்.
மேலிருந்து இறங்கும் வண்டிக்கு ஒதுங்கி நின்றோம்.
அது போன பிறகும், விசில் பல்லிடுக்கில் இருக்க,
ஒரு நிமிஷம் ஊதவில்லை.
டிரைவர் திரும்பிப் பார்த்துத் திட்டினார்.

சாயங்காலம் நாலரைக்குக்
கீழே குழாய் திறக்கிற சத்தம். இருமல்.
அப்புறம், யாரும் கேட்காமலே,
டொக் டொக்.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தவள்
தம்பியைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தாளாம்:
"எல்லாரும் ஏறியாச்சா?"
அவன் எப்போதோ பாட்டிலைத் திறந்துவிட்டிருந்தான்.
கூடமெங்கும் ஜவ்வரிசி.
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
டின்னுக்குள் போட்டுக்கொண்டிருந்தான்
டிங்.
டிங்.
அவசரமே இல்லாமல்.
கையை வாளிக்கு மேலே தூக்கியபடி
அவள் காத்திருந்தாளாம்.