நான்காம் பாகம்

மணிக்கூண்டுக்குப் பின்சந்தில்
மணிக்கு இருபது ரூபாய்.
எட்டு கம்ப்யூட்டர். ஒன்றில் மவுஸ் இழுக்கும்,
அதில்தான் எப்போதும் டெஸ்மண்ட் உட்காருவான்.
முதலில் மரம், அப்புறம் தங்கம், அப்புறம் சுவர்.
படை கடைசி.
அவசரப்பட்டவன் ஏழாம் நிமிடம் செத்தான்.

மூன்றாம் பாகத்தில் மரம் போச்சு.
நான்காம் பாகத்தில் சுவரும்.
காசு கட்டினால் வீரன் வருவான்.
"இன்னாடா இது, வெறும் சண்டைய வெச்சிக்கினு"
எழுந்து போய்விட்டான்,
அரைமணி நேரம் பாக்கியிருக்க.

இப்போது துறைமுகத்தில் கிரேன்.
கன்டெய்னர் மேல் கன்டெய்னர்.
நேற்று நைட் ஷிஃப்டிலிருந்து போன்:
"சர்வர மூடுறானுங்களாம்."
வேறெதுவும் பேசவில்லை.

முதல் பாகத்தின் சிடி
கீறலோடு சுற்றுகிறது.
மரத்தடியில் என் ஆட்கள் ஐந்து பேர்,
கோடரியோடு,
நான் எதையாவது சொல்வேன் என்று.