மட்கார்டின் அடியில்

மூன்று நாள் மழை குடித்த அப்புசேனி மலை.
பீச் மரங்களுக்கிடையே தடம்
கூழாய்க் கிடந்தது.
முன்னால் போன இலிங்கா
பின்சக்கரத்தாலேயே எங்கள் மூவர் முகத்திலும்
பூசிவிட்டாள்.

ஓடை முனையில் ஹொரியா விழுந்தான்,
எழுந்தான், வண்டியை நிமிர்த்தினான்,
மறுபக்கம் விழுந்தான்.
உதவிக்கு யாரும் ஓடவில்லை.
சிரித்து முடிக்க வேண்டியிருந்தது.

மேட்டில் டோருவின் வண்டி அச்சுவரை அமிழ்ந்தது.
முறுக்க முறுக்க
இன்னும் கீழே.
வார் கட்டி இழுத்தோம். வார் அறுந்தது.
நால்வரும் மல்லாக்க.
டோருவின் வலது பூட்ஸ் மட்டும்
ஆளில்லாமல் நின்றது சேற்றில்.
முழங்கை வரை விட்டு உருவியபோது
மலை அதை விட்டது,
இச்சென்று முத்தமிட்டு.

அப்புறம் ஆட்டுக்கிடை நாய்கள்.
அந்த இறக்கத்தை எப்படிக் கடந்தோம் என்று
இன்றுவரை தெரியாது.

பெட்ரோல் பங்க் ஓரம்
நாணயம் போட்டால் பீய்ச்சும் குழாய்.
மூன்று வண்டிகளுக்கு நிறம் திரும்பியது.
நான்காவது, விற்றுப்போன வண்டி.
திங்களன்று ஒருவன் வந்து ஓட்டிப்போவான்.
வியாழனன்று டோரு ஸ்பெயினுக்கு, லாரி ஓட்ட.
காலையிலிருந்து அந்தப் பேச்சை
யாரும் எடுக்கவில்லை.

அவன் குழாயை என்னிடம் நீட்டினான்.
டேங்க், இருக்கை, சங்கிலி கழுவினேன்.
மட்கார்டின் அடிக்குப் போனபோது
மணிக்கட்டைப் பிடித்தான்:
"அங்கே யாரும்
குனிந்து பார்ப்பதில்லை."

போட்ட காசுக்கு
இன்னும் நாற்பது நொடித் தண்ணீர் பாக்கி.
இலிங்கா குழாயைப் பிடுங்கி
அவன் தலைக்குமேல் பிடித்தாள்.