அறுபத்தோராம் நாள்

காலி செய்துவிட்டுப் போன வீட்டில்
இரவு மூன்று மணிக்கு
யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.
வலது விலாவுக்குக் கீழே,
நான்கு விரல் அகலத்தில்.

“அங்கே ஒன்றுமே இல்லையே” என்கிறார் மருத்துவர்,
அறிக்கையைப் புரட்டியபடி.
அதைத்தான் நானும் சொல்கிறேன்.
ஒன்றுமில்லாத இடம் வலிக்கிறது.

கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள்.
மிளகு அளவில் பதினாறு,
புளியங்கொட்டை அளவில் ஒன்று.
தனசிங் அதை ஃபிரிட்ஜ் மேல்
கரண்ட் பில் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.
எறியவும் மனசில்லை, பார்க்கவும்.
நான் புரண்டால் அவரும் எழுந்துவிடுகிறார்:
“ஓமத் தண்ணி வைக்கட்டா, பிரிசில்லா?”
ஒவ்வொரு இரவும் அதே ஓமத் தண்ணி.

முதல் வாரம் தோள்பட்டை வலித்தது.
வயிற்றை உப்பவைத்த வாயுவாம்,
வெளியேற வழி தெரியாமல் மேலே ஏறியதாம்.
வெட்டியது ஓரிடம், வலித்தது வேறிடம்,
இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது.
இப்போதைய வலிக்கு
எல்லா டெஸ்டும் நார்மல்.

பை இல்லாத பித்தம் எங்கே போய்த் தங்கும்?
தலைக்கேறுமோ என்று கேட்டேன்.
சிரிக்காமல் சொன்னார்: சொட்டுச் சொட்டாக
நேரே குடலுக்கு.
உண்மைதான்.
ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தில்
ஒரு கரண்டி நெய்ச்சோறு,
திங்கள் மதியம் ஆபீஸ் கழிவறைக் கதவில்
எழுதியிருப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அண்ணா சாலை, ஐந்தாவது மாடி.
மருத்துவக் காப்பீட்டு பில்களைச் சரிபார்ப்பது என் வேலை.
டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவை
அறுபது நாள்வரை தரலாம்.
இன்று எனக்கு அறுபத்தொன்று.

போன வருடம் ஒருவர்,
புளியந்தோப்பு, மீன்பாடி வண்டி ஓட்டுபவர், தேசிங்கு.
இதே ஆபரேஷன்.
எழுபத்து மூன்றாம் நாள்
மறுபடி ஸ்கேன், மறுபடி ரத்தம், மறுபடி மாத்திரை.
நாலாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.
பில்லோடு ஒரு கோடு போட்ட தாள்:
“சாப்டா குத்துது. சாப்டலனா எரியுது.
குனிஞ்சி லோடு ஏத்த பயமா இருக்கு.”
நான் பார்த்தது தேதியை.
நிராகரிக்க
ஒரு க்ளிக் போதும்.

மேனேஜர் டீக்கு இறங்கிய நேரம்
அந்த ஃபைலைத் தேடித் திறந்து
எண்ணை என் செல்லில் போட்டேன்.
என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை.
எடுத்துவிட்டார். பின்னால் ஒரே ஹாரன்.

“இன்சூரன்ஸா? பணம் வருதாம்மா?”
“இல்லண்ணே. வேற ஒண்ணு கேக்கணும்.
அந்த வலி எப்ப நின்னுச்சு?”

வண்டியை ஓரங்கட்டும் சத்தம்.
“நின்னுச்சா... ஆமால்ல, நின்னுதான் போச்சு.
ஒருநாள் பாத்தா
மூணு துண்டு வஞ்சிரம் தின்னுட்டு
குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கேன்.”
“என்னிக்குண்ணே?”
“தேதியெல்லாம் யாரு பாத்தா.”

பிறகு அவரே கேட்டார்:
“ஒனக்கும் எடுத்துட்டாங்களா? எத்தினி ஓட்டை?”
“நாலு.”
“எனக்கும் நாலு” என்றார்,
ஒரே தெருக்காரர்கள் என்று கண்டுகொண்டது போல.

நாலாயிரத்து இருநூற்றுப் பத்தை
அவர் திரும்பக் கேட்கவில்லை.
கையெழுத்து யாருடையது என்று
நானும் சொல்லவில்லை.
டீக்குப் போனவர் வந்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம்.
புரசைவாக்கம் முழுக்க மெட்ரோ தடுப்பு,
இடையூறுக்கு வருந்துகிறோம் என்று
பத்தடிக்கு ஒருமுறை.
பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகடு
தூரத்தில் தெரியும்போதே
கை தானாக விலாவுக்குப் போய்விடுகிறது.
தூக்கிப் போட்டது.
பக்கத்து இருக்கையில் ஒரு டிபன் பாக்ஸ் உருண்டது.
வலி வரவில்லை.
இதோ வரும், இதோ வரும் என்று
மூச்சைப் பிடித்துக் காத்திருந்ததில்
அயனாவரம் தாண்டிவிட்டது,
நான் இறங்கவேண்டிய இடம்.