ரேடார் பச்சை

லின்ஷோப்பிங்கில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
விக்கென் விமானத்தின் ரேடார் திரை
என் சுண்டுவிரல் நகத்தில் கால்வாசி.
ஒற்றை மயிர்த் தூரிகை;
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பச்சைக்கோடு,
அதன்மேல் வார்னிஷ் ஒரு சொட்டு.
பதினொரு இரவுகள்.

குன்வோர் வந்தாள்.
இருபது வருடம் விமானத்தளத்தில் மெக்கானிக்.
பூதக்கண்ணாடியில் குனிந்தவள்
நிமிராமலே சொன்னாள்:
"மூடி திறந்திருக்கு, ஏணி சாய்ந்திருக்கு,
உள்ளே ஆளில்லை.
கரண்ட் ஏது?
திரை கறுப்பாகத்தான் இருக்கும்."

கறுப்புக் குப்பியைத் திறந்தேன்.
மூடினேன்.

இப்போது இறக்கையடியில்
தீப்பெட்டியளவு ஜெனரேட்டர் வண்டி.
ஃபியூஸ் கம்பியை வயராக முறுக்கி
விமானத்தின் வயிற்றில் சொருகியிருக்கிறேன்.
எரியலாம் இனி, என் பச்சை.

குன்வோர் மறுபடி குனிகிறாள்.
"சரி," என்கிறாள்.
"டீசல் ஊற்றினாயா?"