சோதனைச்சாவடி

ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும் அவற்றுக்கு.
கஞ்சிக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
கணவாய்க் காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது.
உள்ளே, பெட்டிக்குள், முப்பத்தேழு டிகிரி.
ரோஸ் நிறத் தீனி மஞ்சளாகியிருந்தால்
பட்டினி கிடந்தன என்று அர்த்தம்.
மாற்றி ஊற்றுகிறேன்.

மூடிமேல் என் கையெழுத்து:
பெண். 61. இடது இடுப்பு.
மூட்டு மாற்றியபோது அறுத்தெடுத்த எலும்பு உருண்டை
குப்பைக்குப் போகாமல் என்னிடம் வந்தது.
குருத்தணு என்று பேர்தான்;
வந்த அன்று
நமுத்த அப்பளம்போலப் பரந்து கிடந்தன,
பிரியவும் இல்லை, சாகவும் இல்லை.
நீலச் சாயம் விட்டேன். முதுமைக்கு அந்த நிறம்.
நூற்றுக்கு அறுபத்தைந்து நீலம்.

மருந்து போட்டு மூன்றாம் வாரம்
இருபத்திரண்டு.
கெண்டைக் குஞ்சுகள் மாதிரி ஒடுங்கி
ஒரே திசையில் நீந்துவதுபோல் நின்றன.
நாலு தட்டில் ஒன்று பூஞ்சையில் போனது.
அதையும் எழுதி வைத்தேன்.

பார்க்கணும் என்று கேட்டு வந்தவள்
வேலந்தாவளம் பங்கஜவல்லி.
இருபத்தாறு வருஷம் வரிச் சாவடியில் ரசீது கிழித்தவள்.
ஜிஎஸ்டி வந்து சாவடி மூடியபின்
மூங்கில் தடுப்பை யாரோ
விறகுக்கு எடுத்துப் போனதாகச் சொன்னாள்.

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள்.
"இதுங்களுக்கு இப்ப என்ன வயசு?"
தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.
செல்லுக்குள்ளும் ஒரு சாவடி உண்டு,
வயதானால் தடுப்பு இறங்கிவிடும்,
அதைத்தான் தூக்கிப் பார்க்கிறோம் என்றேன்.

கண்ணை எடுக்கவில்லை அவள்.
"தூக்குனீங்க, சரி.
ராத்திரி மூணு மணிக்கு
தார்ப்பாய் போட்ட லாரி ஒண்ணு வரும்.
அதை யாரு நிறுத்துறது?"

புற்று என்ற சொல்லை
நான் அதுவரை எடுக்கவே இல்லை.

போட்டோ கேட்டாள். அனுப்பினேன்.
தங்கச்சிக்கு ஃபார்வேர்டு செய்தாள்:
நான்தான், சின்ன வயசில்.

வாசலில் கொழிஞ்சாம்பாறை பஸ் நின்றது.
ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது மற்றது
என்று பிசியோ பையன் சொல்லியிருக்கிறான்.
கம்பியைப் பிடித்தபடி
எது நல்ல கால் என்று
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
கண்டக்டர் விசில் ஊதாமல் இருந்தார்.